வாட்ஸ்அப்பா, பெரட்டா, நோட்டா? ஒரு மலை ஃபேக்டரிக்கு எது முதலில்

கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கும் ஒரு டீ ஃபேக்டரியை, அப்பாவுக்குப் பிறகு எடுத்து நடத்தும் தம்பி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியே பேசினார். (டீ வேலையில் இருப்பவர்கள் வீட்டில் காபிதான். கேட்காதீர்கள்.) டம்ளரைக் கீழே வைத்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணா, இலை குவியற ரஷ் வர ஒரு மாசம்தான் இருக்கு. எங்க ஆளுங்க வேலையில கெட்டி. ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. வாக்கி டாக்கி வாங்கலாமா? ஊட்டியில ஒரு ட்ரெய்னர் இருக்காராம், ஓட்டல்ல வச்சு ஒரு நாள் கிளாஸ் எடுக்கிறாராம். வாட்ஸ்அப் குரூப் ஏற்கெனவே இருக்கு. எதுல காசு போடறது?"

பத்தொன்பது வருஷமாக இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிகளில் வேலை பார்க்கிறேன். டீ மேக்கருக்கு (தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிறவர்) எடுபிடியாகச் சேர்ந்தவன். அவர் சொன்ன எல்லாவற்றையும், அவர் சொல்லாத மூன்றையும் (யோசனைப் பெட்டி, பெரட்டு என்று நின்று பேசும் கூட்டம், ஷிப்ட் நோட்டு) நான் பார்த்த இடங்களில் யாராவது செய்து பார்த்திருக்கிறார்கள். அன்று அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஃபேக்டரி இல்லாதவர்களுக்கும், லாட்ஜோ பேக்கரியோ நடத்துகிறவர்களுக்கும், கொஞ்சம் மாற்றிப் போட்டால் பொருந்தும்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். செலவு, நேரம், சிக்னல் எல்லாம் இருக்கட்டும். என் அளவுகோல் ஒன்றுதான்: கீழே இருப்பவர் கண்ணில் பட்ட கெட்ட சேதி, அதற்கு ஏதாவது செய்யக்கூடிய ஆளின் காதுக்கு எவ்வளவு நேரத்தில் போகிறது? மேலேயிருந்து கீழே உத்தரவு போவது எந்த ஃபேக்டரியிலும் தடைபட்டு நான் பார்த்ததில்லை. அதற்குக் குரல் இருந்தால் போதும். கீழேயிருந்து மேலே வருவதுதான் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருகிறது.

இந்த அளவுகோல் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடம், பெயர் வேண்டாம். இலை சாயங்காலம் வந்து இறங்கும். தொட்டிகளில் பரப்பி, கீழேயிருந்து ஃபேன் காற்று விட்டு, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் வாட விடுவோம். விடியற்காலை நாலு மணிக்கு இலையை அரைக்கும் ரோலர் ஓட ஆரம்பிக்கும். அன்று ராத்திரி ஐந்தாம் தொட்டியின் ஃபேன் பெல்ட் நழுவிக்கொண்டிருந்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்து மூன்று வாரம் ஆன பையனுக்கு ரப்பர் கருகும் வாசனை வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த சிநேகிதனிடம் தன் ஊர் மொழியான சாத்ரியில் சொன்னான். சிநேகிதன் அடுப்புக்கு விறகு போடுகிறவரிடம் பாதி ஹிந்தியில் சொன்னான். அவர் ஃபோனை எடுத்து ஃபேனைப் படம் பிடித்து குரூப்பில் போட்டார், மணி 11:40. படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குரூப்பில் யாரோ இரண்டு பேர் நிலா படத்தோடு குட் நைட் சொன்னார்கள். அவ்வளவுதான்.

டீ மேக்கர் குவாட்டர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த மூலையில் சிக்னல் கிடையாது. காலையில் தொட்டிக்குள் கையை விட்டால் நடுவில் கொதிக்கிறது. காற்று நின்ற இலை தன் சூட்டிலேயே வெந்துபோகும். காம்பு சிவந்து, புளித்த பழத்தின் வாசனை வரும். ஆயிரம் கிலோவுக்கு மேல் இலை. ஏறக்குறைய நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று வையுங்கள். 220 கிலோ தூள் மட்டமாகப் போனது. அதைவிட மோசம், அடுத்த ஒரு மணி நேரம் நடந்த பஞ்சாயத்து. "நான்தான் குரூப்ல போட்டேனே" என்றார் விறகு போடுகிறவர். உண்மைதான். தெரிந்தவர்கள் நாலு பேர். தெரிய வேண்டியவர் ஒருவர், அவருக்குத்தான் தெரியவில்லை.

அதனால் வாட்ஸ்அப்பிலிருந்தே ஆரம்பிப்போம். அது இலவசம், எல்லோர் கையிலும் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர் குரலில் அனுப்பலாம். சாத்ரி பேசுகிறவன் சாத்ரியில் பேசி அனுப்ப, அவன் ஊர்க்காரன் கேட்டுத் தமிழில் சொல்ல முடிகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் இது நடக்காத காரியம். ஃபேக்டரிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்றும் சொல்வேன். இலை ஏஜென்ட்டுகள் ஒவ்வொரு ஹட்டியாக (படகர் ஊர்) சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களை ஓரிடத்தில் கூட்ட முடியாது. "இன்னிக்கு மழை இலை, லோடு ரெண்டா பிரிச்சுக் கொண்டாங்க" என்று ஒரு குரல் பதிவு போட்டால் அரை மணியில் எல்லோருக்கும் போய்விடும். டீ போர்டு மாதாமாதம் அறிவிக்கும் பச்சை இலையின் சராசரி விலையைப் படமெடுத்துப் போட்டுவிட்டால், எடை போடுகிற இடத்தில் பாதிச் சண்டை குறையும்.

உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு நடுவில்தான் சிக்கல். குரூப்பில் போட்டவுடன் போட்டவருடைய பொறுப்பு தீர்ந்துபோகிறது. யார் பொறுப்பு தொடங்குகிறது என்று எங்கும் எழுதியிருக்காது. நீல டிக் விழுந்தால் பார்த்தார் என்று தெரியும், செய்தாரா என்று தெரியாது. இருபது பேர் பார்க்க ஒருவரைக் கேள்வி கேட்டால் அது கேள்வியாக இருக்காது, அவமானமாகிவிடும். அவர் பதில் போடமாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். இன்னொன்று, ஓய்வில் இருப்பவர் ஃபோனும் அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியாகச் சிக்னல். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும் ஊர் இது. 2009 நவம்பர் மண்சரிவு சமயத்தில் இந்த மலையில் இருந்தவர்களுக்கு, ஃபோன் இல்லாத நாலு நாள் எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

குரூப் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் மேலாளர் மட்டும் போடலாம்: ஷிப்ட், லீவு, சம்பள நாள், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு யார் யார் விடுப்பு. இன்னொன்றில் ரோஜாப்பூவும் நிலாவும் எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும். அவசரத்துக்கு இரண்டும் உதவாது என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அவசரம் என்றால் கால் நடந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

வாக்கி டாக்கி இதற்கு நேர் எதிர். உடனே கேட்கும், உடனே பதில் வரும், சிக்னல் டவர் தேவையில்லை. மேலே இலை வாடும் லாஃப்டில் இருப்பவரும் கீழே அடுப்படியில் இருப்பவரும் படியேறி இறங்காமல் பேசலாம். 446 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை; மற்றவற்றுக்கு வேண்டும், ஆன்லைனில் மலிவாக வருகிறதே என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் ரோலர் ஓடும் ஹாலில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலே பாதிதான் விழும். அங்கே அந்தப் பெட்டி கொரகொரப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், மூடுபனிக்குள், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை "காத்திருங்கள்" என்று சொன்னதும், எதிரில் இருந்த விமானம் "நாங்கள் இன்னும் பாதையில் இருக்கிறோம்" என்று சொன்னதும் ஒரே நொடியில் விழுந்தன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தியதால், கேட்க வேண்டிய விமானி அறையில் கீச்சென்ற சத்தம்தான் வந்தது. அதே அறையில் இருந்த பொறியாளர், அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று சந்தேகம் கேட்டார். பெரிய கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்திச் சொல்லிவிட்டார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் விமானத் துறையில் கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை இறுக்கினார்கள். இளையவர் மூத்தவரைத் தடுத்துச் சொல்லப் பழக்குவதும் பெரிய பாடமானது. கருவி அன்று பழுதாகவில்லை. பனி, அவசரம், மூத்தவர் என்ற மரியாதை மூன்றும் சேர்ந்தன. மூன்றும் எங்கள் ஊரில் தினமும் உண்டு.

ட்ரெய்னர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு முறை எங்களை ஊட்டிக்கு வேனில் அழைத்துப் போனார்கள். செய்தித்தாளைச் சுருட்டி கோபுரம் கட்டினோம், கயிறு இழுத்தோம், மத்தியானம் பிரியாணி. சிரித்துக்கொண்டே திரும்பினோம். மறுநாள் காலை அதே தொட்டி, அதே மௌனம். பிரியாணிக்காக என்றால் போகலாம்.

யோசனைப் பெட்டி வைத்தவர்களும் உண்டு. ஆறு மாதம் கழித்துத் திறந்ததில் இரண்டு பஸ் டிக்கெட், ஒரு மிட்டாய்த் தாள், "இங்கே கொடுக்கும் டீ நல்லாயில்லை" என்று ஒரு சீட்டு. டீ ஃபேக்டரியில்.

மிச்சம் இருப்பவை பெரட்டும் நோட்டும். நேரம் செலவிட்டு யோசிக்க வேண்டியவை இந்த இரண்டுதான்.

பெரட்டு என்ற சொல்லை எனக்குக் கொடுத்தது ஒரு பாட்டி. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். விடியற்காலையில் எஸ்டேட்டில் எல்லோரையும் நிற்க வைத்து வேலை பிரித்துக் கொடுப்பதற்கு அங்கே பெரட்டு என்று பெயர், அந்த இடம் பெரட்டுக்களம். வெள்ளைக்காரன் பரேட் என்றதை மக்கள் வாயில் போட்டு மென்றதில் வந்த சொல். இங்கே மஸ்டர் என்போம். அந்தப் பாட்டி சொல்வார்: "பெரட்டுல தொரை பேசுவாரு, கங்காணி பேசுவாரு. நாம வாயத் தொறந்தா அன்னிக்குப் பேரு இல்ல." பேர் என்றால் ஒரு நாள் கூலி. வாய் திறந்தால் கூலி போகும் என்று மூன்று தலைமுறை கற்றுக்கொண்ட மக்களிடம், ஒரு திங்கட்கிழமை காலையில் "மனசுல இருக்கிறத தைரியமா சொல்லுங்க" என்றால் யார் சொல்வார்?

ஆகவே தினமும் பத்து நிமிஷம் நின்று பேசுவோம் என்று முடிவெடுக்கிறவர்கள், பழைய பெரட்டையே மறுபடி நடத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் முதல் முறை நடத்தியது பழைய பெரட்டுதான். நானே பேசினேன், நானே முடித்தேன், கடைசியில் "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க." மூன்று வாரம் தினமும் ஒண்ணுமில்லைங்க.

பிறகுதான் புரிந்தது, கேள்வியே தப்பு. "பிரச்சினையா" என்று தமிழில் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பதுதான் மரியாதையான பதில். உடம்பு எப்படி என்று கேட்டால் காய்ச்சலோடும் நல்லாயிருக்கேன் என்று சொல்வது மாதிரி. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுங்க". "சரியா?" என்றால் "சரிங்க". நம் ஊர் சரிங்கவுக்கு "நீங்கள் பேசியது காதில் விழுந்தது" என்பது மட்டும்தான் பொருள். ஒப்புக்கொண்டேன் என்றும் இல்லை, செய்கிறேன் என்றும் இல்லை. இதை ஆளின் குற்றமாக நினைத்துத் திட்டுகிற மேலாளர்கள் நிறைய. மொழி அப்படி அமைந்திருக்கிறது. கேட்கிறவர்தான் கேள்வியை மாற்ற வேண்டும்.

நான் மாற்றிய கேள்வி: "இன்னிக்கு ராத்திரி எந்தத் தொட்டி உங்களுக்குச் சந்தேகமா இருக்கு?" ஒரு நம்பர் சொல்லியே ஆக வேண்டும். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்பர் சொல்வது யாரையும் காட்டிக் கொடுப்பது ஆகாது, மூத்தவரை எதிர்ப்பது ஆகாது. தமிழ், படகா, ஹிந்தி, எதில் வேண்டுமானாலும் சொல்லலாம், விரலாலும் காட்டலாம். "புரிஞ்சுதா?" என்பதற்குப் பதிலாக, "இப்ப போய் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். விமானக்காரர்கள் செய்வதும் இதுதான், கேட்டதைத் திருப்பிச் சொல்வது. வயதில் மூத்தவரிடம் இப்படிக் கேட்டால் பரீட்சை வைப்பது மாதிரி ஆகிவிடும், அதனால் அவரிடம் "அண்ணா, நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்று என் பக்கம் பழியைப் போட்டுக்கொண்டு கேட்பேன்.

பேசும் வரிசையும் முக்கியம். கடைசியாக வந்து சேர்ந்தவர் முதலில், டீ மேக்கர் கடைசியில். மேக்கர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அவர் சொன்னதையே ஆமாம் போட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஆபீஸ் அறையில் நடத்தக் கூடாது. எடை மேடைக்குப் பக்கத்தில் நடத்த வேண்டும். ஆபீஸில் செருப்பைக் கழற்றும்போதே பாதிப்பேர் பேச்சையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

பெயர் இன்னொன்று. வடக்கிலிருந்து வந்த பையன்களை "டேய் பையா", "ஹிந்திக்காரா" என்று கூப்பிடுவது எங்கள் பக்கம் சாதாரணம். அவர்களில் பலருக்கு ஹிந்தி தாய்மொழியே இல்லை என்பது வேறு விஷயம். உலக சுகாதார அமைப்பு 2008இல் அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியலில் வேறு பலவும் உண்டு, பெயர் சொன்னதால் மட்டும் உயிர் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடவை தன் பெயரைச் சத்தமாகச் சொன்ன ஆள் இரண்டாவது தடவை வாய் திறப்பது சுலபம் என்பதை எடை மேடைப் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

இனி நாலாவது வாரம். இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பல முதலாளிகள் இங்கேதான் கூட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். நாலாவது வாரத்தில் புகார் கொட்ட ஆரம்பிக்கும். மூணாம் தொட்டி வலை கிழிந்திருக்கிறது, டிரையர் சூடுமானி பொய் சொல்கிறது, கையுறை ஒரு ஜோடியை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுகிறோம், இன்னார் ராத்திரி தூங்குகிறார். முதலாளி பயந்துபோவார், "முன்ன நல்லாத்தானே இருந்தது" என்பார். முன்பு நன்றாக இல்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம் இருந்தது. அந்தக் குழுக்களில் தவற்றை மறைக்கத் தேவையில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். நாலாவது வாரத்துப் புகார்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதை இரண்டு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலில் மலிவான ஒன்றை அன்றே சரி செய்யுங்கள். கையுறை வாங்குங்கள். மற்றதற்குத் தேதி சொல்லுங்கள்.

செலவு? ஆறு வழிகளில் இதுதான் விலை கூடியது என்று நேராகவே சொல்கிறேன். 24 பேர் பத்து நிமிஷம் நின்றால் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். மாதம் 26 நாளுக்கு 104 மணி நேரம், எட்டு மணிக் கணக்கில் 13 ஆள்நாள் கூலி. மாதம் ஒரு தொட்டி இலையைக் காப்பாற்றினால் கணக்கு நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதம் ஒரு தொட்டி கெடுகிற ஃபேக்டரியை மூடிவிடுவதே நல்லது. கூட்டத்தில் மிச்சமாவது சில்லறை சில்லறையாகத்தான்: மழுங்கிய ரோலரை ஒரு நாள் முன்னால் கழற்றியது, ஈர இலையைத் தனியாகப் போட்டது, ஊருக்குப் போக இருந்த ஆள் ஒரு வாரம் முன்னாலேயே சொன்னது. இதைக் கணக்கில் காட்ட முடியாது. காட்ட முடியாததற்கு 13 ஆள்நாள் கொடுக்க எல்லோரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

அதனால்தான் நோட்டு. (தேர்தல் நோட்டாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கட்டம் போட்ட 200 பக்க நோட்டு.) ராத்திரி ஷிப்ட் போகிறவர் எழுதிவைப்பார், காலை ஷிப்ட் வருகிறவர் படிப்பார். விலை நூறு ரூபாய்க்குள். எல்லா ஃபேக்டரியிலும் ஏதோ ஒரு ரூபத்தில் ஏற்கெனவே இருக்கிறது, எந்த ஃபேக்டரியிலும் யாரும் படிப்பதில்லை. புரட்டிப் பார்த்தால் பக்கம் பக்கமாக "எல்லாம் சரி" என்று ஒரே கையெழுத்தில், சில சமயம் மூன்று நாளுக்கு ஒரே மையில் எழுதியிருக்கும்.

எழுதிவைத்தால் போதும் என்று நினைப்பதன் விலை 1988 ஜூலை 6 அன்று தெரிந்தது. வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. பகல் ஷிப்ட் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த வாயைத் தகட்டால் மூடிவைத்திருந்தது. அதற்குச் சீட்டும் எழுதியிருந்தார்கள். ராத்திரி ஷிப்டுக்கு அந்தச் சீட்டு வாய்ச்சொல்லாகப் போய்ச் சேரவில்லை. இரவு இன்னொரு பம்ப் நின்றதும் இந்தப் பம்பைப் போட்டார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். காகிதம் இருந்தது, ஆனால் போகிறவரும் வருகிறவரும் அந்தக் காகிதத்தை நடுவில் வைத்து ஒரு நிமிஷம் பேசியிருக்கவில்லை.

தம்பியிடம் நான் சொன்ன வழி இதிலிருந்து வந்ததுதான்: நோட்டையும் பெரட்டையும் ஒட்டுப் போட்டுவிடுங்கள். 24 பேரைத் தினமும் நிற்க வைக்க வேண்டாம். ஷிப்ட் மாறும்போது போகிறவர் மூன்று பேர், வருகிறவர் மூன்று பேர், ஆறு பேர் மட்டும் நோட்டைச் சுற்றி நிற்கட்டும், பத்து நிமிஷம். மொத்தம் ஒரு மணி நேரம்தான் செலவு. எழுதியவர் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் கூடுவது வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

நோட்டில் "எல்லாம் சரி" என்று எழுத இடமே வைக்காதீர்கள். மூன்று கட்டம்: எந்தத் தொட்டி அல்லது மிஷின், என்ன பார்த்தேன், யாரிடம் சொன்னேன். முதல் கட்டம் நம்பர். அதற்கு மொழி தேவையில்லை. இரண்டாவதை ஹிந்தியில் எழுதலாம், படமாக வரையலாம். மூன்றாவது கட்டம்தான் உயிர். அதில் ஒரு பெயர் இல்லாவிட்டால் அந்த வரி முடியவில்லை என்று பொருள். குரூப்பில் போட்டேன் என்பது பெயர் ஆகாது. நோட்டை ஒன்றாம் தொட்டிக்குப் பக்கத்துத் தூணில் கயிற்றால் கட்டுங்கள். பேனாவையும் கட்டுங்கள், பேனா காணாமல் போனதால் செத்துப்போன நல்ல திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்றால், பொருந்தாது. கொடைக்கானலில் சித்தப்பா மகன் லாட்ஜ் நடத்துகிறான், ஒன்பது பேர் வேலை. மே மாதக் கூட்டத்தில் ஆறு பேரை ஓரிடத்தில் பத்து நிமிஷம் நிறுத்துவது அவனால் நடக்காது. ரிசப்ஷனில் அந்நேரம் மூன்று குடும்பம் சாவிக்கு நிற்கும். அவனுக்கு வேண்டியது எந்த அறை காலி, எந்த அறை துடைத்தாயிற்று, எதில் வெந்நீர் வரவில்லை என்பது மட்டும். சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை, அறை நம்பருக்கு எதிரே மூன்று நிறக் காந்தம். ஒரு பார்வையில் முடிந்தது. தவறு நடந்தால் விருந்தாளியே கத்திச் சொல்லிவிடுவார், கெட்ட சேதி மேலே போக வேறு ஏற்பாடு தேவையில்லை. இலை கத்தாது. அதுதான் எங்கள் தொழிலின் கஷ்டம். தவறு தன்னைத்தானே காட்டிக்கொள்கிற வேலையில் பலகை போதும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாசனை வரும் வேலையில் ஆள் நின்று ஆளிடம் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு ஷிப்ட், பத்து பேருக்குக் கீழே என்றால் நோட்டுகூட வேண்டாம், காலை டீ நேரம் போதும். முதலாளி அந்த டீயைத் தனியாகக் குடிக்காமல் இருந்தால்.

தம்பி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரிங்க அண்ணா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "இப்ப போய் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நோட்டு வாங்குவேன். ஆனா வாக்கி டாக்கி ரெண்டு வாங்கத்தான் போறேன், லாஃப்டுக்கும் அடுப்புக்கும். அது என் ஆசைண்ணா." வாங்கட்டும்.

போன வாரம் கீழே போன வேலையில் அவர் ஃபேக்டரிக்குள் எட்டிப் பார்த்தேன். தூணில் நோட்டு தொங்கியது. கட்டம் நான் சொன்னபடியே போட்டிருந்தார்கள், ஆனால் முதல் மூன்று பக்கத்திலும் கட்டத்துக்குக் குறுக்கே எல்லாம் சரி, எல்லாம் சரி என்றுதான் இருந்தது. நாலாவது பக்கத்தில் 3 என்ற நம்பர், பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டமும் அதைச் சுற்றி அறுந்த கோடும், அதன் கீழே ஹிந்தியில் ஒரு சொல். கடைசிக் கட்டத்தில் மேக்கரின் பெயர். அடியில் வேறு கையெழுத்தில், நீல மையில்: "பார்த்தேன். பெல்ட் மாற்றியாச்சு. ராத்திரி 9:20."